ஞாயிற்றுக்கிழமை திறந்த கோப்பு

12 பிப்ரவரி 2025, புதன்

ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து பதினோராம் நாள். மேனேஜர் விஜயராணி மேடம் பதறிக்கொண்டு வந்தார். "அனுசுயா, சர்வர்ல மெமரி எல்லாம் தீர்ந்துபோச்சாமே?"

தீரவில்லை. அறுபத்திநாலு ஜிபியில் புரோகிராம்கள் எடுத்திருப்பது ஒன்பதுதான். மீதி கேஷ், தற்காலிக நினைவு. சர்வரை இயக்கும் லினக்ஸ், ஒருமுறை படித்த கோப்பை உடனே மறப்பதில்லை. யாராவது திரும்பக் கேட்பார்கள் என்று வைத்திருக்கும். இடம் தேவைப்பட்டால் தானே விட்டுக்கொடுக்கும்.

"எனக்குக் காலியா காட்டுங்க, போதும்" என்றார்.

15 பிப்ரவரி, சனி

மாலை சென்டர் மூடியதும் கேஷைக் காலி செய்தேன். தேவையே இல்லாத வேலை. மேடத்துக்கு நிம்மதி.

16 பிப்ரவரி, ஞாயிறு

விடுமுறை. எடமலைப்பட்டி புதூர் வீட்டிலிருந்தே சர்வரைப் பார்த்தேன். காலை பதினொரு மணிக்கு கேஷ் திடீரென்று முக்கால் ஜிபி ஏறியது. பூட்டிய சென்டரில் யாரோ எதையோ படிக்கிறார்கள்.

கேஷில் என்ன இருக்கிறதென்று தேடினேன். நோயாளிகளின் படங்களில் ஒருவருடையது மட்டும். தலை ஸ்கேன். பெரியண்ணன், வயது 41.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர். நவம்பரில் இறந்துபோனார்.

திறந்தது யார் ஐடி? அதுவும் பெரியண்ணன்.

லேப்டாப்பை மூடிவிட்டேன்.

17 பிப்ரவரி, திங்கள்

யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஐடியை முடக்கவும் இல்லை. பயமா? பயம்தான்.

23 பிப்ரவரி, ஞாயிறு

பதினொன்றுக்குச் சென்டருக்கே போனேன். வெளிக்கதவு சாத்தியிருந்தது, பூட்டில்லை. ரிப்போர்ட் அறையில் விளக்கு இல்லை. திரையில் மட்டும் ஒரு தலை, துண்டு துண்டாக, மேலிருந்து கீழே நகர்ந்துகொண்டிருந்தது. பிறகுதான் நாற்காலியில் ஆள் இருப்பது தெரிந்தது — ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் பிரிட்டோ.

"என் ஐடில திறந்தா என் பேரு பதிவாகும்மா. அவர் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்." திரையில் விரல் வைத்தார். "இங்க பாருங்க. ரத்தக்குழாய்ல அரிசி அளவு வீக்கம். நான் நார்மல்னு எழுதிட்டேன். வாராவாரம் வந்து பாக்குறேன், இல்லாம இருக்காதான்னு."

இருந்தது. எனக்கே தெரிந்தது.

"அவர் வீட்டம்மாகிட்ட சொன்னீங்களா சார்? இல்ல இங்கயே உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கப் போறீங்களா?" கத்திவிட்டேன். ஒரு டாக்டரிடம் — நானா?

அவர் படத்தை மூடினார்.

2 மார்ச், ஞாயிறு

பதினொரு மணி. கேஷ் அசையவில்லை. பன்னிரண்டு. அசையவில்லை.

நாலு மணிக்கு டாக்டர் போன் செய்தார். "ஸ்ரீரங்கத்துல இருக்கேன்மா. பெரியண்ணன் வீட்ல, அவர் சம்சாரம் அம்மணிகிட்ட சொல்லிட்டேன். ரிப்போர்ட்டைத் திருத்தி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"என்ன சொன்னாங்க சார்?"



"திட்டல. 'அப்ப அவருக்கு நெஜமாவே தலை வலிச்சிருக்கு'ன்னாங்க. 'நடிக்காதீங்கன்னு அவர்கிட்ட சொன்னேனே டாக்டர்'னாங்க."