துறைமுகக் குமாஸ்தா மாட்டிக்கொண்ட இடம்

அன்பு மகளுக்கு,

உன் துப்பறியும் நாவலை இரண்டு முறை படித்துவிட்டேன். நீ ஒரு நாளும் போகாத அந்தச் சின்னக் கடற்கரை ஊரில் நானே ஒரு வாரம் தங்கியது போல இருந்தது. உதாரணத்துக்கு, உப்புக் காற்றில் துருப்பிடித்த தபால் அலுவலகக் கதவைத் தோளால் இடித்துத் திறக்கிறார்களே, அந்த ஒரு வரியில் ஊரே வந்துவிட்டது.

மாலுமியின் கடிதத்தை ஒளித்தது துறைமுகக் குமாஸ்தாதான் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முத்திரை குத்துகிறவர், பழக்கதோஷத்தில் அந்தக் கடிதத்திலும் குத்தி மாட்டிக்கொள்கிறார். பிரமாதம் போ!

"உங்களத்தான் எழுதியிருக்கா. ரெண்டு தடவ படிச்சும் மண்டையில ஏறலையா, வாத்தியாரே?" என்றாள் உன் அம்மா.

அலமாரியைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அதே கடற்கரை ஊர்ப் பத்திரிகை உன்னை வேலைக்கு அழைத்து எழுதிய கடிதம், நான் வைத்த இடத்திலேயே இருந்தது. உன்னைப் பிரிய மனமில்லாமல் மறைத்தேன். அடியில், மாணவர்களின் நோட்டில் போடுவது போலவே, சிவப்பு மையில் என் கையெழுத்தும் தேதியும்.

எப்போது பார்த்தாயோ, ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ.

உன் துப்பறிவாளர் குமாஸ்தாவைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கவில்லை. "நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க, சார்" என்கிறார். எவ்வளவு பெரிய மனது அவருக்கு!

அதனால்தான் அந்தக் கடிதத்தை இந்த உறையில் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன். கதவைத் திறப்பாயா?

உன் அப்பா