கூண்டில் செத்த ஏழு பறவைகள்

மட்டாஞ்சேரி
14-8-1961

அன்புள்ள ஜொகராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உம்மாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. முதலாளி வீட்டில் பலவிதப் பறவைகளை ஒன்றாக வளர்க்கும் பெரிய கூண்டு இருக்கிறது. அதற்குச் சில்லைக் குருவிகள் நாலு வாங்கி வரச் சொன்னார். "பதினைந்து நாள் தனியே வைத்துப் பாருங்கள்" என்றான் விற்றவன். நான் சோம்பல்பட்டு அன்றைக்கே கூண்டில் விட்டுவிட்டேன். நோய் பரவி, ஒரு வாரத்தில் ஏழு பறவைகள் செத்துப்போயின. பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் வேலைக்காரி ஐசும்மாதான் காரணம் என்று முதலாளி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். பக்கத்தில் நின்ற நான் வாயே திறக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். நன்றாக ஏசிவிட்டு, அவளைக் கூட்டிவர, அவள் வீடு இருக்கும் சுள்ளிக்கல்லுக்கு என்னையே அனுப்பினார். எல்லாவற்றையும் கேட்ட ஐசும்மா, "மோனே, நீ சாயா குடிச்சோ?" என்றாள். கேட்டதோடு, அவளே தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள், ஜொகரா. அவள் வேலைக்கு வந்துவிட்டாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மிச்சமுள்ள குருவிகளுக்கு ஊர்த் தினை ரெண்டு படி அனுப்பு. உன் கையால் நாலு வரி எழுது. தபால் எடுக்க வந்துவிட்டார்கள். உம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்தக் குருவி விஷயத்தை விட்டுவிடு. பிள்ளைகள் கேட்டால், வாப்பா குருவி வளர்க்கிறார் என்று மட்டும் சொல்.

உன்
செய்யது மீரான்