க்வைட் நைஸ்

மனைவி தைத்த முதல் கல்யாண கவுனைப் பார்த்து அவன் மனதாரச் சொன்னது, "க்வைட் நைஸ்." அதிலிருந்து அவள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கவுனின் ஒரு கையைப் பிரித்தும் போட்டுவிட்டாள். ஏனென்று அவனுக்கு விளங்கவே இல்லை. மறுநாள் ஓட்டல் சமையலறையில் கூட வேலை செய்பவளிடம் புலம்பியபோதுதான் விஷயம் புரிந்தது. அடுத்த நாள் விடிகாலை, அவள் தூங்கிக்கொண்டிருக்க, தையல் மிஷின் மேல் சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினான்.

"கோவக்காரம்மாவுக்கு,

சூப் அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுக் குடி. காலைல கல்யாணப் பொண்ணு போட்டுப் பாக்க வருது. தயவுசெஞ்சு இன்னொரு கையையும் பிரிச்சுடாத.

நான் வளர்ந்த நாட்டு இங்கிலீஷ்ல க்வைட் நைஸ்னா ரொம்ப அழகா இருக்குன்னு அர்த்தம். நீ வளர்ந்த நாட்டு இங்கிலீஷ்ல ஏதோ தேவலைன்னு அர்த்தமாம். சத்தியமா எனக்குத் தெரியாதும்மா.

வெள்ளை நூல் தீர்ந்துடுச்சுன்னியே, வாங்கி டிராயர்ல வச்சிருக்கேன்.

அந்த கவுனைப் பாத்ததும் எனக்குப் பேச்சே வரலை. அதான் இங்கிலீஷ்ல உளறிட்டேன்."

கடைசி வரியை இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தான்.

சாயங்காலம் அவன் திரும்பியபோது அவள் அசந்துபோய் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். சீட்டின் பின்பக்கம் அவள் கையெழுத்து:

"கையைத் திரும்பத் தச்சுட்டேன். பொண்ணு போட்டுப் பாத்துட்டுக் கழட்டவே மாட்டேன்னுட்டா. வந்ததும் எழுப்புங்க. உங்க வாயால ஒரு தடவை தமிழ்ல கேக்கணும்."

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுப்பினான்.