முந்நூறு பாணும் ஒரு வாழ்த்து மடலும்

5.8.86 செவ்வாய்

சோளகக் காற்று ஓயவில்லை. முற்றம் கூட்டி முடிய மறுபடியும் பூவரசம் இலை. ஆட்டுக்குக் கால் நொண்டல், மஞ்சள் அரைத்துக் கட்டினேன். பிரஷர் குளிசை இன்னும் எட்டு.

காலையில் சனசமூக நிலையத் தலைவர் கந்தவனம். ஞாயிறு ஆண்டு விழா. இந்த முறை, ஊரில் தொழில் செய்து முன்னேறி, ஊருக்கும் உதவியவர்களுக்குப் பொன்னாடை. மூன்று பேர்: பேக்கரி தில்லையம்பலம், மில்லுக்காரர் குமாரசாமி, தையல் கடை பூமணி. வாழ்த்து மடல்கள் என் பொறுப்பு.

“இந்த நேரத்திலயோ விழா?” என்றேன்.

“இந்த நேரத்திலதான் ரீச்சர். நல்லது செய்யிறவனை நாலு பேர் நல்லவன் எண்டு சொல்லாட்டி அவனும் வெளிநாட்டுக்கு ஓடிடுவான். பிறகு பாணுக்கு எங்க போறது?”

மத்தியானம் ஹெலிகொப்டர் இரண்டு தரம். குசினிச் சுவரோடு ஒட்டி இருந்தேன். பாத்திரம் பாதி கழுவியபடி.

6.8 புதன்

குமாரசாமி வந்தான். என்னிடம் படித்தவன். சைக்கிளை விட்டு இறங்கவில்லை, ஒரு கால் நிலத்தில்.

“ரீச்சர், என்ர பேரை வெட்டிவிடுங்கோ.”

“ஏன் தம்பி?”

“வளர்ந்திட்டான் எண்டு மைக்கில சொன்னால் கேக்கக் கூடாத ஆக்களெல்லாம் கேப்பினம். நான் வளரயில்லை. போன வருசம் மாதிரியே இருக்கிறன்.”

பூமணியிடமிருந்தும் ஆள். காய்ச்சலாம். ஞாயிறு வரப்போகும் காய்ச்சல் புதனிலேயே தெரிந்திருக்கிறது.

மிச்சம் தில்லையம்பலம் மட்டும். எண்பத்து மூன்று கலவரத்தில், தெற்கே காலி நகரில் பேக்கரி எரிய, உடுத்த சாரத்தோடு கப்பலில் வந்து இறங்கியவர். முதலில் பாண் சுட ஒரு போறணை. இப்போது இரண்டு போறணை, பாண் ஏற்ற ஒரு வான், பதினொரு பேருக்கு வேலை. அதில் ஆறு பேர் பெண்கள்.

பின்னேரம் முழுக்க மடல். முப்பத்து நாலு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னது: ‘நல்லவர்’ என்று எழுதாதே, என்ன செய்தார் என்று எழுது. ஆகவே உதாரணங்கள்:

- வலி கண்ட பெண்ணை, பாண் பெட்டிகளை றோட்டில் இறக்கிவிட்டு, வானில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.
- பள்ளிக்கூடக் கிணறு தன் செலவில் இறைத்தது.
- ஆனி மாதம் ஒரே நாளில் முந்நூறு பாண் இலவசமாய்க் கொடுத்தது.

மூன்றாவதில் பேனா நின்றது. யாருக்கு? திருகோணமலைப் பக்கத்திலிருந்து ஓடிவந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கிய குடும்பங்களுக்கு. எழுதவில்லை. அன்னதான நோட்டீஸிலும் உபயகாரர் பெயர்தான் வரும், பந்தியில் இருந்தவர் பெயர் வராது. அவர்களும் வயலும் வீடும் வைத்திருந்தவர்கள்தானே. “பசியோடு வந்தோரை யார் எவரெனக் கேளாது ஒரே நாளில் முந்நூறு பாண் ஈந்தவர்” என்று முடித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். பிடித்தது.

9.8 சனி

யாழ்ப்பாணத்திலிருந்து அச்சாகி வந்துவிட்டது. மஞ்சள் தாள், கரை போட்டு, நூற்றைம்பது. கண்ணாடி போட்டு மூன்று தரம் பார்த்தேன், பிழை இல்லை. சந்தோஷம்.

கடல் பக்கம் வெடிச் சத்தம். எண்ணாமல் இருக்கப் பார்த்தேன். ஒன்பது.

10.8 ஞாயிறு

விழா. இரண்டு மணிக்குத் தொடங்கி நாலுக்கு முடித்தாயிற்று, எல்லோரும் வெளிச்சத்தில் வீடு போகவேண்டும். ஒலிபெருக்கி வேண்டாம் என்று கடைசி நேரத்தில் தலைவர். என் தொண்டையை நம்பி வாசித்தேன். முந்நூறு பாண் என்றதும் கைதட்டல். பின்னுக்கிருந்து பேக்கரியில் வேலை செய்யும் ஒருத்தி:

“முந்நூறோ? மாப் பிசைஞ்ச எங்களைக் கேளுங்கோ, நானூறு!”

ஒரே சிரிப்பு. பாண் சாப்பிட்ட பெண்கள் நாலைந்து பேர் சுவரோரம் குனிந்தபடி. ஒருவரும் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. அது எனக்குத் திருப்தி.

தில்லையம்பலத்தைப் பேசச் சொன்னார்கள். பொன்னாடைக்குள் வேர்த்து ஒழுகினார். “எனக்குக் கதைக்கத் தெரியாது. நாளைக்கும் பாண் இருக்கும். அவ்வளவுதான்.” கதிரையில் இருந்துவிட்டார்.

மனைவி மங்கலம் வாசலில் என் கையைப் பிடித்தாள். “ஆடி மாதத்தில விழா வைக்காதேங்கோ எண்டனான் ரீச்சர். எண்டாலும் வடிவாய் எழுதியிருக்கிறியள்.” கண் கலங்கியிருந்தது. மடல் கண்ணாடிச் சட்டத்தோடு வானில் போயிற்று. மற்றவை ஆளுக்கொன்று.

12.8 செவ்வாய்

கடைசி ஆடிச் செவ்வாய். பக்கத்து வீட்டுப் பாக்கியம் நயினாதீவு அம்மன் கோவிலுக்கென்று வெளிக்கிட்டவள், பத்து மணிக்கே என் கிணற்றடியில் நிற்கிறாள். முகம் வெளிறி.

“என்ன பாக்கியம்? திருநூறைக் காணேல்லை?”

“கோயிலுக்குப் போகயில்லை ரீச்சர். இறங்குதுறையில பையைச் சோதிச்சவங்கள். கற்பூரமும் வெத்திலையும் உங்கட நோட்டீஸிலதான் சுத்திக்கொண்டு போனனான்.”

ஒரு சீருடைக்காரனுக்குத் தமிழ் தெரியுமாம். எழுத்துக் கூட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, உரக்க வாசித்தானாம். மற்றவர்கள் சுற்றி நின்றார்களாம். ‘யார் எவரெனக் கேளாது’ என்ற இடத்தில் நிறுத்தி, திரும்ப வாசித்தானாம்.

“முந்நூறு பாண் ஆருக்கு எண்டு கேட்டவன்.”

“நீ என்ன சொன்னனி?”

“எனக்குத் தெரியாது ஐயா எண்டனான். வேற என்ன சொல்ல?”

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இவளைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். என் மடலை அவன் கண்ணால் வாசித்துப் பார்த்தேன். ஒரு ஆள். வான் இருக்கிறது. முந்நூறு பேருக்குச் சாப்பாடு. சாப்பிட்டவர் யாரென்று சொல்லவில்லை. காட்டில் இருக்கும் இயக்கப் பெடியளுக்கு என்றுதான் நானும் நினைப்பேன்.

குளிசை போட்டேனா? ஞாபகமில்லை.

13.8 புதன்

விடியப் பேக்கரிக்குப் போய்ச் சொன்னேன். தில்லையம்பலம் தட்டுகளை அடுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார். மங்கலந்தான் வெடித்தாள்.

“நாங்கள் கேட்டனாங்களோ ரீச்சர், எங்களை வாழ்த்துங்கோ எண்டு?”

“சும்மா இரும்” என்றார் அவர். “ரீச்சர் கெட்டது எழுதயில்லை.”

“கெட்டது எழுதியிருந்தால் இண்டைக்கு நிம்மதியாய் இருந்திருப்பம்.”

உண்மை.

கொஞ்ச நாள் வேறெங்காவது போய் நில்லுங்கள் என்றேன். “ஓடினால் அவங்கள் நினைச்சது சரியாய்ப் போயிடும். எனக்கு இன்னொருக்கா ஓடேலாது ரீச்சர். காலியில ஓடினது காணும்.” ஒரு றாத்தல் பாண் சுற்றித் தந்தார். வாங்க வெட்கம். வாங்கினேன்.

14.8 வியாழன்

வீடு வீடாகப் போய் மடல்களைத் திருப்பி வாங்கினேன். வெயில். செருப்பு வார் அறுந்தது.

சிலர் அடுப்பில் போட்டாயிற்று, அவர்களுக்கு முன்பே புத்தி. ஒரு வீட்டில் பிள்ளை கொப்பிக்கு உறை. பென்ஷன் எடுத்த றோட்டு ஓவசியர் தர மறுத்தார்: “இவ்வளவு நல்ல தமிழை எரிக்கிறதோ? பெட்டகத்துக்குள்ள வைச்சிருக்கிறன்.” கெஞ்சித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தலைவர் கந்தவனம் வீட்டில் இல்லை. சாவகச்சேரியில் மகளிடம் போய்விட்டாராம், எப்போது வருவார் தெரியாதாம்.

எழுபத்தாறு தாள் எரித்தேன். ஒன்று அவர்கள் சட்டைப் பையில். மற்றதை எரித்து என்ன? ஆனாலும் எரித்தேன்.

15.8 வெள்ளி

கொண்டுபோய்விட்டார்கள்.

ஏழரை மணி. நான் பாண் வாங்கப் போய் நிற்கிறேன். இரண்டு ஜீப். சீருடைக்காரர் எட்டுப் பேர். அவர்களில் மேலதிகாரி சட்டத்திலிருந்த மடலைச் சுவரிலிருந்து கழற்றித் தன் கையிலிருந்த தாளோடு வைத்துப் பார்த்தார். தமிழ் தெரிந்தவன் கேட்டான்:

“இது யார் எழுதினது?”

கையைத் தூக்கினேன், வகுப்பில் பிள்ளை தூக்குவது போல.

“முந்நூறு பாண் யாருக்கு?”

“வீடு வாசல் விட்டிட்டு வந்த சனத்துக்கு. பொம்பிளையள், சின்னப் பிள்ளையள். பள்ளிக்கூடத்தில இருந்தவை.”

“பேர் சொல்லு.”

பெயர்கள் தெரியும். இரண்டு கிழமை அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விறாந்தையில் பாடம் சொன்னவள் நான். வரிசையாய் வருகிறது, வகுப்பில் கூப்பிடும் இடாப்பு மாதிரி. ஒரு பெயரும் சொல்லவில்லை. இவர்கள் கையில் பெயர் போனால் அது பட்டியல் ஆகிவிடும்.

“பேர் இல்லை. அப்ப பொய்” என்றான்.

தில்லையம்பலம் கையிலிருந்த மாவைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு ஏறினார். மங்கலம் ஜீப்பின் பின்னால் ஓடி ஒழுங்கை முகப்பில் விழுந்தாள். தமிழ் தெரிந்தவன் எனக்குச் சொன்னது: திங்கள் பத்து மணிக்குள் சாப்பிட்ட ஆட்களை ஊர்காவற்றுறைப் படைக் காம்புக்குக் கூட்டி வா. வராவிட்டால் இவரை வேறு இடத்துக்கு அனுப்புவோம்.

வேறு இடத்துக்குப் போன எவரும் இந்த ஊருக்குத் திரும்பி வரவில்லை.

16.8 சனி

மடத்துவெளிக்குப் போனேன். வெளிநாட்டுக்குப் போனவர்களின் பூட்டிய வீடுகளைத் திறந்து அந்தக் குடும்பங்களை இருத்தியிருக்கிறார்கள். தெய்வானையிடம் முதலில். இரண்டு பிள்ளைகள், மூத்தது என்னிடம் பெருக்கல் படித்தது.

சொன்னேன். அரிசி புடைத்தபடியே கேட்டாள்.

“எங்கட ஊரிலயும் இப்பிடித்தான் ரீச்சர். விசாரணைக்கு வா எண்டாங்கள். இவரும் சேட்டை மாத்திக்கொண்டு போனவர்.”

சுளகிலிருந்த கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

மற்ற வீடுகளிலும் அதேதான். ஒருத்தி கதவைத் திறக்கவில்லை. உள்ளே பிள்ளை இருமுவது கேட்டது. யாரையும் வற்புறுத்தவில்லை. எப்படி வற்புறுத்த? திங்கள் ஏழு மணிக்குப் பேக்கரி வாசல், விரும்பினால் மட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வழியெல்லாம் ஒரு கணக்கு. ஒரு ஆளைக் காப்பாற்ற எத்தனை பேரைக் கொண்டுபோய் விடலாம்? வகுப்பில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் என்ன விடை சொல்லியிருப்பேன்?

17.8 ஞாயிறு

பாண் இல்லாத மூன்றாம் நாள் என்று எழுதப்போனேன். இல்லை. பின்னேரம் பேக்கரிப் புகைபோக்கியில் புகை. போய்ப் பார்த்தால் மங்கலம், முழங்காலில் சீலைத் துண்டுக் கட்டோடு, போறணைக்குள் தட்டுத் தள்ளுகிறாள்.

“நாளைக்கும் பாண் இருக்கும் எண்டு சனத்துக்கு முன்னால சொன்னவரெல்லோ.” என்னைப் பார்க்கவில்லை. “வானை எடுங்கோ. டிறைவரிட்டச் சொல்லியிருக்கிறன். ஆர் வந்தாலும் வராட்டிலும் நீங்கள் போறியள்தானே?”

“ஓம்.”

“நானும் வாறன்.”

ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையார் கடிதம் தந்தார்: இக்குடும்பங்கள் அகதிகள் என்பது எனக்குத் தெரியும். கையொப்பம் இரண்டாய் உடைந்திருக்கிறது. மாற்றி எழுதச் சொல்லவில்லை.

18.8 திங்கள்

பேக்கரி வாசல் வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறே முக்கால். காற்று இல்லை. கொண்டுபோவன: அடையாள அட்டை, விதானையார் கடிதம், தண்ணீர்ப் போத்தல், குளிசை இரண்டு. ஆட்டைப் பாக்கியத்திடம் விட்டாயிற்று.

ஏழு. ஒருவரும் இல்லை.

ஏழு பத்து. தெய்வானை. இரண்டு பிள்ளைகளும். கையில் அரிசி வாங்கும் கூப்பன் காட்.

“பிள்ளையளை ஏன் பிள்ளை கூட்டிவந்தனீர்? பயமில்லையோ?”

“பயத்திலதான் ரீச்சர். தனிய விட்டிட்டு வரப் பயம்.” பிறகு மங்கலத்தைப் பார்த்து: “நாங்கள் கேட்டுப் போகயில்லை அக்கா. வான் வந்து பள்ளிக்கூட வாசலில நிண்டது. சாப்பிட்டனாங்கள். சாப்பிடயில்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

மங்கலம் உள்ளே போய்ச் சூடான பாணை முறித்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்தாள்.

ஏழு இருபத்தைந்து. மூன்று பெண்கள், ஒரு கிழவர், பொல்லோடு. பின்னால் இன்னும். கதவைத் திறக்காதவளும், இருமும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. பெண்கள் எல்லோரும் வெளியில் உடுக்கும் நல்ல சேலை கட்டி, தலை வாரி, கோவிலுக்குப் போவது போல.

இருபத்து மூன்று பேர். டிறைவர் தலையைச் சொறிகிறார். வான் பிடிக்காது, இரண்டு தரம் ஓட வேண்டும் என்கிறார். யார் முதல் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் நிலத்தைப் பார்க்கிறார்கள்.

முதல் தரத்தில் நான்.