விதை விழாத பட்டை

பென்ரியூ பண்ணை,
கார்டிகன்ஷயர், வேல்ஸ்.
19 ஜூன் 1917

அன்புள்ள கணவர் இத்வாலுக்கு, நெஸ்டா எழுதிக்கொள்வது.

நானும் மகள் மாலியும் நலம். பிரான்ஸ் போர்முனையில் நீங்களும் நலம் என்று நினைத்தே எழுதுகிறேன். ஏழு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி கூட இல்லை. கறுப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

மேல்வயலில் இந்த வருடம் நான்தான் ஓட்ஸ் விதைத்தேன். விதைப்பதை ‘ஹை’ என்று நம் வெல்ஷ் பேச்சில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். விதைப்பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தால்தான் விதைப்பு என்னவென்று தெரிகிறது. பாதி வயலில் நிற்கும்போது தபால்காரர் வந்தார். பெட்டியோடு ஓடினேன். நமக்கு ஒன்றுமில்லை. திரும்பி வந்து இடம் மாறி நின்று விதைத்திருக்கிறேன், பாவி. முளைத்தபோது நடுவில் ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு வெறும் மண்ணாக ஒரு பட்டை.

பக்கத்துப் பண்ணை பெத்தான் வேலியோரம் நின்று, “ஏன்டி, கண்ணு எங்க போச்சு ஒனக்கு? பட்டை விட்டா அறுப்புக்குள்ள வீட்டுல ஒரு சாவு விழுமே” என்றாள். “உன் நாக்குல புழு வைக்க” என்று திட்டிவிட்டு வந்தேன். அன்றே அங்கே விதை போட்டேன். போதகர் இதெல்லாம் மூடநம்பிக்கை என்கிறார். அவர் வீட்டிலிருந்து யாரும் போருக்குப் போகவில்லை.

உங்கள் அப்பா படுக்கையிலிருந்தே ஜன்னல் வழியாக அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து கஞ்சியைத் தொடவில்லை. கெஞ்சினேன், கத்தினேன். “ஒரு ஆளத்தானே கேக்குது? நான் போய்ட்டா பையன விட்டுரும். நீ சும்மா இரும்மா” என்றார். மாலி கரண்டியோடு போனால் அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு வாயை இறுக மூடிக்கொள்வார்.

பதினெட்டாம் நாள், போன வியாழக்கிழமை, ஜூன் பதினான்கு காலையில் போய்விட்டார். சனிக்கிழமை அடக்கம் செய்தோம். பெத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, “போவட்டும், கழிஞ்சுது” என்றாள். அவளை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு நின்றேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

அவர் பட்டினி கிடந்ததை வீணாக்கிவிடாதீர்கள். கையில் அடிபட்டிருந்தால் பக்கத்தில் இருப்பவரை எழுதச் சொல்லுங்கள். பெயர் மட்டும் இருந்தாலும் போதும். ஆனால் தேதி போடுங்கள். ஜூன் பதினான்குக்குப் பிந்திய தேதி.

கடவுள் உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
நெஸ்டா