பேர் போடாத பக்கம்

என் உயிரான அக்காவுக்கு,

நீ இல்லாமல் ஒரு தீபாவளி வந்துபோய்விட்டது. அம்மா பலகாரம் எதுவும் சுடவில்லை. கோலாலம்பூரில் இந்த பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் உன் அறைக் கதவைச் சாத்தவும் விடுவதில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியுமா அக்கா?

உன் இணையப் பக்கம் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் முடியெல்லாம் கொட்டி நீ படுத்திருந்தபோது, கிள்ளானில் இருக்கும் சித்தி போட்டோ எடுத்து, "எல்லாரும் வேண்டிக்குங்க" என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டார். நல்ல எண்ணம்தான். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் மூலிகை மருந்து விற்க மெசேஜ் அனுப்பினார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாயே, வலிக்குக்கூட நீ அப்படி அழுததில்லை.

வீடு திரும்பியதும் எல்லாக் கணக்கையும் மூடினாய். பழைய லேப்டாப்பில் நீயே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைச் செய்தாய். வெள்ளையில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். விளம்பரம் இல்லை, போட்டோ இல்லை, உன் பேர்கூட இல்லை. கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும். மார்பில் கட்டி தட்டுப்பட்டும் வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைத்ததை அதில் எழுதினாய்.

"எத்தனை பேர், எந்த ஊர்லேர்ந்து படிக்கிறாங்கன்னு காட்டுற மாதிரி ஒண்ணு வெக்கலாமே அக்கா" என்றேன்.

"வேணாம் லா. இதப் படிக்க வர்ற பொண்ணு பயந்து ஒளிஞ்சு தேடிக்கிட்டு வர்றவ. யாரு, எந்த ஊருன்னு நமக்கு எதுக்கு?"

யாருமே வரவில்லை என்றுதான் நான் நினைத்தேன். நீயும் அப்படி நினைத்துக்கொண்டேதான் போனாயா?

போன வாரம் டெங்கில் ஊரிலிருந்து ஒரு பெண் அந்த முகவரிக்கு எழுதியிருந்தாள். "அக்கா, நீங்க எழுதினதப் படிச்சிட்டுத்தான் டாக்டர்கிட்ட போனேன். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சிட்டாங்க. குணமாயிடும்னு சொல்றாங்க. நீங்க இப்ப எப்படி இருக்கீங்க?"

அதற்கு நான் என்ன எழுதுவேன்? நீ இல்லையென்று தெரிந்தால் அவள் மனசு விட்டுப்போகாதா? பதில் எழுதாமலே தவித்தேன். அம்மாதான் சொன்னார்: "பொய் எழுதாத. உன் அக்கா உள்ளதச் சொன்னதாலதான அந்தப் புள்ள டாக்டர்கிட்ட போச்சு."

எழுதினேன். அக்கா டாக்டரிடம் தாமதமாகப் போனார், இப்போது அவர் இல்லை, நீங்கள் நேரத்தோடு போயிருக்கிறீர்கள், தைரியத்தை விட்டுவிடாதீர்கள் என்று.

உடனே பதில் வந்தது. "கோயில்ல மோட்ச விளக்கு போடணும். அக்கா பேரு என்ன?"

வாசித்துக் காட்டியதும் அம்மா வாய்விட்டு அழுதார். நீ போன அன்றுகூட அழாதவர். உன் பேரை அவளுக்கு மட்டும் எழுதி அனுப்பினேன். தப்பா அக்கா?

பக்கத்தில் உன் போட்டோவைப் போடச் சொல்லி சித்தி கேட்டுக்கொண்டே இருக்கிறார். போடமாட்டேன். நான் இருக்கிறவரைக்கும் அந்தப் பக்கம் இருக்கும். அங்கே வந்துபோகிறவள் யாரென்று ஒருநாளும் எட்டிப் பார்க்கமாட்டேன்.

உனக்குப் பின்னால் பிறந்தவள்,
உன் தங்கச்சி