கோட்டின் மேல் கிடந்த கொள்ளு

எங்கே இருந்தாலும் என்னை "ஏந்தம்பி" என்று அதட்டிக்கொண்டிருக்கும் என் லூர்தக்காவுக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஊர்ச் செய்தியில் இருந்தே தொடங்குகிறேன். சேலம் பெங்களூர் ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். லாரிகள் முன்னைவிட வேகமாகப் போகின்றன. நம் ஊர் பஸ் நிறுத்தத்துக்குக் கூரை வந்திருக்கிறது. நீங்கள் கேட்டு வாங்கிய வெள்ளைக் கோடுகளுக்குப் போன மாசம் மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே கையை நீட்டிக்கொண்டுதான் கடக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தது யார் என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

தருமபுரி தனி ஜில்லா ஆன மறு வருஷம் அந்தக் கோட்டுக்கு மனு எழுதினோம், நினைவிருக்கிறதா? நீங்கள் டவுன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தீர்கள். லாரியில் அடிபட்டுக் கால் ஒடிந்து வருகிறவர்களுக்குப் பகலெல்லாம் துணி மாற்றிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் வந்து அதே ரோட்டைத் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டும். ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் வாசலுக்கு வந்தீர்கள்.

"ஏந்தம்பி, இந்தத் தெருவுல பத்தாவது வரைக்கும் போனவன் நீ ஒருத்தந்தான். கலெக்டருக்கு ஒரு மனு எழுது. நம்ம ஸ்டாப்புல வெள்ளக் கோடு போடணும்."

"கோடு போட்டா லாரி நின்னுடுமாக்கா?"

"நிக்குதோ இல்லியோ, நம்ம சனம் எங்க தாண்டும்னாவது டிரைவருக்குத் தெரியுமில்ல?"

எழுதிக் கொடுத்தேன். சர்ச் தெரு, மாரியம்மன் கோயில் தெரு என்று பார்க்காமல் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினீர்கள். கடைசியில் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தீர்கள்.

"ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்துட்டு உங்கையெழுத்தக் காணோமே?"

"எழுதினவன் போடக்கூடாதுக்கா. அதான் சட்டம்."

"ஓ, சட்டம் உன் வூட்டுக் கொல்லையிலதான் மொளைக்குதா?" என்று சிரித்தீர்கள். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். ரோட்டோரப் புறம்போக்கில் கொஞ்சம் சேர்த்து உழுதுகொண்டிருந்தேன். என் பெயரைப் பார்த்து யாராவது அளக்க வந்துவிட்டால்? அதை நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். ஏன் விட்டுவிட்டீர்கள் அக்கா?

நீங்கள் நடையாய் நடந்த பிறகு கோடு வந்தது. அன்று முதல் நீங்கள் போலீஸ்காரர் ஆகிவிட்டீர்கள். குறுக்கே ஓடி வந்தவர்களை எல்லாம் "திரும்பிப் போ, கோட்டு மேல வா" என்று அனுப்பினீர்கள். ஊர்ப் பெரியவரையே ஒருமுறை அனுப்பினீர்கள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அந்தத் தை மாசத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கம் கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். போகிற வருகிற லாரியும் பஸ்ஸும் மிதித்தே காயை உடைத்துக் கொடுத்துவிடும். மாடும் வேண்டாம், ஆளும் வேண்டாம். அன்று நான் வழக்கமாகப் போடும் இடத்தில் வேறொருவர் கேழ்வரகுத் தாளைப் பரப்பியிருந்தார். நம் நிறுத்தத்தில் ரோடு நல்ல சமம். ஒரு நாள்தானே என்று கோட்டின் மேலேயே பரப்பினேன். ஒரு கோடுகூட வெளியே தெரியவில்லை.

நாலு மணி பஸ்ஸில் இறங்கினீர்கள். எதிர்ப்பக்கம் நின்று கத்தினீர்கள்.

"ஏந்தம்பி! கோட்டு மேலயே போட்டுட்டியா? வாருடா மொதல்ல!"

"இருங்கக்கா, இன்னும் நாலு வண்டி ஏறட்டும். பொழுது சாயறதுக்குள்ள வாரிடறேன்."

நீங்கள் வேறு இடத்தில் கடந்திருக்கலாம். ஊரையே கோட்டுக்குத் திருப்பி அனுப்பியவர் எப்படிக் கடப்பீர்கள்? கோடு எங்கே இருந்ததென்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியுமே. கையை நீட்டிக்கொண்டு கொள்ளின் மேல் இறங்கினீர்கள். லாரிக்காரர் பிரேக் போட்டார். சக்கரம் செடியில் வழுக்கிக்கொண்டே வந்தது.

எல்லோரும் உங்களைத் தூக்க ஓடினார்கள். நான் கொள்ளுச் செடியை வாரினேன்.

இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாதது இதுதான் அக்கா. உங்கள் செருப்பு ஒன்று அந்தச் செடிக்குள் கிடந்தது. அதையும் சேர்த்துத்தான் வாரினேன். போலீஸ் வந்தபோது கோடு பளிச்சென்று கிடந்தது.

"இவ்வளவு பெரிய கோடு கண்ணுக்குத் தெரியலையா?" என்று டிரைவரைக் கேட்டார்கள்.

"கோடே இல்லீங்க சார். செடிதானுங்க கெடந்துச்சு. சத்தியமா, செடி கெடந்துச்சுங்க" என்று அவர் அழுதார். சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் பேசவில்லை. ஊரும் பேசவில்லை. எல்லார் வீட்டுக் கொள்ளும் ரோட்டில்தானே மிதிபடுகிறது? அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் வீட்டில் யார் காத்திருந்தார்கள்?

போன வாரம், பெயிண்ட் காய்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, புதுக் கோட்டின் மேல் யாரோ கொள்ளைப் பரப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து மனு எழுத உட்கார்ந்தேன். ஊருக்குப் பொதுவாக ஒரு களம் கட்டித் தர வேண்டும், கோட்டுக்குப் பக்கத்தில் யாரும் தானியம் போடக்கூடாது என்று எழுதினேன். காரணம் எழுதும் இடத்தில் அன்று நடந்ததை அப்படியே எழுதினேன்.

வீடு வீடாகப் போனேன். "ஏப்பா, நம்ம பொழப்புல நாமே மண்ணப் போட்டுக்கறதா?" என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியாக உங்கள் மகன் அந்தோணியிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுதும் படித்தான்.

"எங்கம்மா அத வாரச் சொன்னாங்களாங்க மாமா?"

"சொன்னாங்கப்பா."

தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மனுவைக் கலெக்டர் ஆபீஸில் கொடுக்கப் போகிறேன். அந்த டிரைவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்து, அவர் முன்னால் போய் நிற்கவும் போகிறேன். புறம்போக்கை அளக்க வந்தால் அளக்கட்டும். களம் வருகிறவரை தை மாசம் முழுதும் கையில் விளக்குமாறோடு நம் நிறுத்தத்தில் நிற்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மனுவில் இந்தத் தடவை ஒரே ஒரு கையெழுத்துதான் இருக்கிறது அக்கா. எழுதினவனுடையது.

வாரச் சொன்னபோதே வாராத உங்கள் தம்பி,
மாதையன்